நகராத முகில்

கார்காலம் கனிந்து இறங்கியது. வானெங்கும் முகில்கள் தவத்தில் அமர்ந்தன. ஒரு துளி இலைநுனியில், விழுவதா நிற்பதா என நெடுநேரம் எண்ணியிருந்தது.

இவ்வளவும் தட்டச்சிட்டுக் கணவர் பெருமூச்சு விட்டார். “இணையத்துல எழுதறவனுக்குச் சமையல், மருத்துவம்னு தனித்துறை ஒண்ணு வேணுமாம். எனக்கு அமையல. இன்னையோட எழுத்தை விட்டுடறேன்.”

“உங்க இணையப் பக்கத்துக்கு நேத்து ஆயிரம் பேர் வந்திருக்காங்களே!” என்றாள் மனைவி.

“என் கார்காலத்துக்கா! முழுசாப் படிச்சாங்களா?”

“ஒருத்தரும் படிக்கல.” அவள் கைப்பேசியை நீட்டினாள். “பக்கத்தோட பேரை நான்தான் மாத்தினேன். கோவிச்சுக்காதீங்க.”

‘உறக்கம் வராதவர்களுக்கு’ என்றிருந்தது. கீழே ஒரு செவிலியர் எழுதியிருந்தார்: “ஐயா, இரவுப்பணி முடிஞ்சா தூக்கமே வராது. உங்க முகில் நகர்றதுக்குள்ள தூங்கிட்டேன்!”

“இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கல்யாணமான நாள்லேருந்தே தெரியுங்க.”

அவர் கண்மூடிக் கைகூப்பி, இறைவனை நினைந்து, கடைசி வரியைச் சேர்த்தார்: “எல்லோரும் இனிது துயில்க.”