ஒன்பது நாள் பீம்

“இந்த ஞாயிறு ஆராதனைய நிறுத்துங்க, ஐயா.”

போதகரிடம் இதை மட்டும் கேட்கக் கூடாது என்று வாசலிலேயே எச்சரித்துத்தான் அப்பா என்னை உள்ளே கூட்டி வந்தார். ஆலயத்தைப் பெரிதாக்கும் வேலைக்கு அவர்தான் மேஸ்திரி. பழைய சுவரை இடித்த இடத்தில் கூரையைத் தாங்கப் புது கான்கிரீட் பீம் போட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது; அது இறுக மூன்று வாரமாவது வேண்டும். நாற்காலி போட இடம் வேண்டுமென்று போதகர் சொன்னதும், அடியில் நின்ற முட்டுக் கம்புகளில் பாதியை அப்பா உருவிவிட்டார். ஜன்னல் வெயில் பீமின் நடுவில் விழுகிறது. அங்கே தலைமுடி அளவு ஒரு விரிசல். “முந்நூறு பேர் வர்றாங்கம்மா, வெயில்லயா நிக்கச் சொல்ல?” என்கிறார் போதகர். “வெயில் மண்டையில இடிஞ்சு விழாது, ஐயா.” “உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று அப்பா பல்லைக் கடிக்கிறார். ஆனால் அவர் கை மிச்சமிருக்கும் கம்பு ஒன்றை விடாமல் பிடித்திருக்கிறது. மேலிருந்து அவர் தோளில் கொஞ்சம் மணல் உதிர்கிறது. தட்டிவிட்டுக்கொள்கிறார், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறுகிறேன். நகராட்சி அலுவலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. புகாரில் மேஸ்திரியின் பெயரைக் கேட்பார்கள். சொல்வேன்.