ஒப்பிடுவதற்கு வந்தவள்

குழாயை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் ஊத வேண்டும்.

ஊதினாள். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

மூச்சின் பலத்தை அளக்கும் பெட்டி ஒரு எண்ணைக் காட்டியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்குப் பெண் எண்ணைப் பார்த்தாள். பிறகு குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலையிலிருந்தே பெண்கள் பக்கம் எண்கள் குறைவாகவே வந்துகொண்டிருந்தன.

கணக்கெடுக்கக் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள் அவள். ஆஸ்பெஸ்டாஸ் சீட் கம்பெனியில் தூசி தின்றவர்களுக்கு நெஞ்சு நோய் வரும் வாய்ப்பு, தின்னாதவர்களைவிட எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் என்று, தின்றவர்களின் எண் மேலே. தின்னாதவர்களின் எண் கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக வந்தால் நஷ்டஈடு கேஸ் கோர்ட்டில் எடுபடும்.

ஒன்று என்று வந்தால் கம்பெனி ஒரு பாவமும் செய்யவில்லை என்று அர்த்தம்.

தின்னாதவர்களுக்கு எங்கே போவது? அதே தெரு, அதே தண்ணீர், அதே சோறு, ஆனால் கம்பெனிக்குள் கால் வைக்காதவர்கள் வேண்டும். யூனியன்காரர்கள்தான் யோசனை சொன்னார்கள். வீட்டுக்கு வீடு பெண்டாட்டி இருக்கிறாளே!

எல்லோருக்கும் பிடித்துப்போனது.

அதனால் சமுதாயக் கூடத்தில் இந்தப் பக்கம் புருஷன்மார், அந்தப் பக்கம் பெண்டாட்டிமார். கல்யாணப் பந்தியில்கூட அவர்கள் இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

ஊதியவளுக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. அவள் எவ்வளவு பலமாக ஊதுகிறாளோ, புருஷன் நாச்சிமுத்துவின் கேஸ் அவ்வளவு பலம். அவருடைய நெஞ்சைக் கம்பெனி தின்றது என்பதற்கு அவளுடைய நெஞ்சுதான் சாட்சி. கட்டிக்கொண்ட நாள் முதல் அந்த மனுஷனுக்காக என்னென்னவோ செய்தாயிற்று, ஊதுவதா பெரிய காரியம்? காலையில் இரண்டு முட்டை தின்றுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

எண் அவருடையதைவிடக் கீழே இருந்தது. வயதுக்கும் உயரத்துக்கும் தக்கபடி சரிக்கட்டிப் பார்த்தாலும் கீழேதான்.

"இன்னொருக்கா ஊதறேன் அம்மிணி. சரியா இழுக்காம உட்டுப்போட்டேன்."

ஊதினாள்.

இன்னும் இறங்கியது.

கேஸைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் அவளுக்கு இருந்தது. தன் நெஞ்சைப் பற்றி நினைப்பே வரவில்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்குவது வயதானால் எல்லோருக்கும் உள்ளதுதானே.

"கம்பெனிக்குள்ள ஒரு நாளாவது போயிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள் கணக்குப் பெண்.

"கேட்டு வாசலோட சரி. சோத்துத் தூக்குப்போசியைக் குடுத்துட்டுத் திரும்பிருவேன்."

"அவர் துணியெல்லாம் யாரு தொவைப்பாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பின்ன, மொதலாளியா வந்து தொவைப்பாரு? நாந்தான். அப்படியே நனைச்சா சிமென்ட்டு பசையாட்டம் புடிச்சுக்கும் அம்மிணி. அதுக்காவ நல்லா உதறி, சொவத்துல நாலு அடி அடிச்சுத்தான் தண்ணியில போடறது. எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான்."

பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. ஆமாம், அப்படித்தான்.

கணக்குப் பெண் அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கணக்கில் கீழே போடுவதற்கு அவளிடம் இனி எண் இல்லை.

பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். துணியில் வந்ததும் கம்பெனித் தூசிதான். உதறும்போது மூக்கில் ஏறியதும் அதேதான். இதையும் கம்பெனி செய்த கெடுதல் என்றே எழுதலாம். அவளுக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்கலாம்.

நல்லதைத்தான் சொன்னாள்.

நாச்சிமுத்து எழுந்துவிட்டார்.

"நான் ஊட்டுக்குள்ள கொண்டாரலீங்களே," என்றார். "வாசல்லயே கழட்டி இவ கையில குடுத்துருவனுங்க. ஒரு நாளுங்கூட அதோட உள்ள போனதில்லீங்க."

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பச் சொன்னார். இருமல் வந்தது. இருமலுக்கு நடுவிலும் அதையேதான் சொன்னார். இவ கையிலதாங்க குடுத்தேன். இவ கையிலதாங்க.

கேஸ் தோற்றால்கூட அந்த மனுஷர் தாங்கிக்கொள்வார். இதைத் தாங்கமாட்டார். அவர் நிற்கிற நிலையைப் பார்க்க அவளுக்கு மனம் கேட்கவில்லை.

"அட, நீங்க சும்மா உக்காருங்க," என்றாள்.

கணக்குப் பெண் பக்கம் திரும்பினாள்.

"அப்படி எழுதிப்போடாத அம்மிணி. இது தூசியில வந்ததில்ல. எனக்குச் சின்னப் புள்ளையிலருந்தே மூச்சு இளைப்பு. எங்கம்மாளுக்கும் இருந்துச்சு."

பச்சைப் பொய். அவளுடைய அம்மா சாகிற வருஷம் வரைக்கும் மாட்டுக்குப் புல்லுக்கட்டு சுமந்தவள்.

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். நம்பினாரோ என்னவோ, உட்கார்ந்தார்.

கணக்குப் பெண் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தாள். அப்புறம் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மயிலாத்தாள் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குழாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஊதவில்லை.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த தன் புருஷனுக்குக் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னாள்.

"எனக்குஞ் சின்னதுலருந்தே இளைப்புத்தான் அம்மிணி."