பட்டாளத்துக்காரர் கல்லறை

பானை வந்தது. ஆள் வரவில்லை.

கடப்பாரை பிடித்தவர் மறுபடி குனிந்து குழிக்குள் கையால் துழாவினார். "அவ்ளோதான் சார். இதுக்கு அடியில தோண்டாத மண்ணு. ஒரு எலும்பு இல்ல."

அப்பா குழி ஓரத்தில் நின்றிருந்தார். சட்டையை இன் பண்ணி, ஷூவெல்லாம் போட்டிருந்தார். தன் கொள்ளுத்தாத்தாவை மரியாதையாக வரவேற்க வேண்டுமாம்.

அந்தக் கொள்ளுத்தாத்தா சிப்பாய் ராயப்பன். விக்டோரியா ராணியின் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவர். அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். ஞானஸ்நானச் சீட்டு, பட்டாளத்துச் சீட்டு, பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த காகிதம், எல்லாம் ஒரே ஃபைலில். எங்கள் வீட்டில் சோறு வேகிறதோ இல்லையோ, ராயப்பன் கதை வெந்துகொண்டே இருக்கும்.

'வலது தொடையில் குண்டு, எடுக்கவில்லை' என்று ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் அப்பா தன் தொடையைத் தடவிக்கொள்வார்.

கடைசிச் சீட்டு லீவுச் சீட்டு. லீவில் சொந்த ஊரான இந்த மண்ணூருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். லீவு முடிந்தும் காணோமே என்று பட்டாளத்திலிருந்து ஆள் வந்து, கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

இப்போது கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். பேர் வெட்டிய கல் இருந்தால்தான் ஏரிக்கரையில் மாற்று இடம். கல் இல்லாத மேடெல்லாம் மத்தியானத்துக்குள் ரோட்டுக்கு அடியில் போய்விடும்.

ராயப்பனை ஒட்டியே அப்படி ஒரு மேடு இருந்தது. மண்ணாங்கட்டியின் மேடு. ராயப்பன் செத்த பிறகு அவர் மனைவி அருளாயி கூலியாள் ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டு குடித்தனம் பண்ணினாள். அவர்தான் மண்ணாங்கட்டி. எந்த ஊர், யார் மகன், ஒன்றும் தெரியாது. அந்த வழியில் வந்தவர் அன்பு அண்ணன். என் கம்பெனியில் லைனில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார்.

காலையிலேயே அப்பாவிடம் கேட்டுப் பார்த்தார். "சார், ஏரிக்கரையில உங்க குழியில ஒரு ஓரமா எங்காளையும் வச்சிக்கினா இன்னா சார்? தனியா எடம் தரமாட்டேன்றாங்க."

"பட்டாளத்துக்காரர் பக்கத்துல கூலிக்காரனா? நீங்க எங்களுக்குப் பங்காளி இல்லப்பா" என்றார் அப்பா, நாலு பேர் கேட்கிற மாதிரி.

எனக்கு மானம் போயிற்று. நாளைக்கு கேன்டீனில் அந்த மனுஷன் முகத்தில் நான்தானே முழிக்க வேண்டும்!

அன்பு அண்ணன் யாரிடமோ மண்வெட்டி இரவல் வாங்கி, தனியாகவே அந்த மேட்டைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். வைக்க இடமில்லாவிட்டாலும் ரோட்டுக்கு அடியில் விடப் போவதில்லை.

இந்தப் பக்கம் பானையின் வாயை உடைத்தோம். மக்கிப்போன துணி. பித்தளைப் பொத்தான்கள். பெல்ட்டு வில்லை. அடியில் கறுத்துப்போன வெள்ளி மெடல். அப்பா சட்டை நுனியால் தேய்க்கத் தேய்க்க ராணியின் முகம் வந்தது. ஓரத்தில் ராயப்பன் பேர், நம்பரோடு.

"அப்பா, செத்தவருக்கு உடுப்பு போட்டுத்தானே புதைப்பாங்க? கழட்டிப் பானையில வைப்பாங்களா?"

அப்பா மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் குழியில் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

அன்பு அண்ணன் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, துண்டை விரித்து அதில் வைத்துக்கொண்டிருந்தார். நீள எலும்பு ஒன்றைத் துடைத்தவர் அப்படியே கையில் வைத்துப் பார்த்தார். அதில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு ஈயம், எலும்போடு எலும்பாகப் பதிந்திருந்தது.

தொடை எலும்பு.

அட என் சாமி! காய்ச்சலும் இல்லை, சாவும் இல்லை. போதும்டா சண்டை என்று மனுஷன் உடுப்பைக் கழற்றிப் புதைத்துவிட்டு, பொண்டாட்டி பிள்ளையோடு வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

பிள்ளை தங்காத வீட்டில், எமன் தேடி வந்தால் கண்டுகொள்ளக் கூடாது என்று மண்ணாங்கட்டி எனப் பேர் வைப்பார்கள். இவரைத் தேடி வந்தது பட்டாளம். வளர்ந்த ஆளுக்கு அருளாயி அந்தப் பேரை வைத்திருக்கிறாள். ஊரும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நன்றாக மறைத்தார்கள் என்றால், அவர் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விட்டது. முன்னால் பிறந்த பிள்ளை வழியில் நாங்கள் பட்டாளத்து வம்சம். பின்னால் பிறந்த பிள்ளைகளின் வம்சம் கூலிக்காரன் வம்சம்.

பொக்லைன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

அப்பா ஷூவைக் கழற்றினார். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துக் குழிக்குள் இறங்கினார். அந்த எலும்பை வாங்கி, ஈயத்தின் மேல் விரலை வைத்து அப்படியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் வந்துவிட்டது.

ராயப்பனின் எலும்புக்கென்று கொண்டுவந்த பெட்டியைக் கையால் காட்டினார்.

"பங்காளி, ஒரு கை புடி."

அன்பு அண்ணன், யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.