ஐந்தாவது வரி

நாலு வரிக்கு நாலு புள்ளி. ஐந்தாவது வரியை நான் கேட்கவேயில்லை.

கேள்வி நான் போட்டதுதான். தாவரக் கலத்தின் குழியவுருவில் உண்டாகும் புரதம், இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிக்குள் எப்படிப் போகிறது?

புரதத்தின் நுனியில் ஒரு சிறு துண்டு இருக்கும். அதைப் பார்த்துத்தான் வாசல் திறக்கும். மடிந்து கிடந்தால் நுழைய முடியாது. நூல்போல நீள வேண்டும். உள்ளே போனதும் அந்தத் துண்டு வெட்டப்பட்டுவிடும். அவ்வளவுதான் விடை.

வவுனியாவில் நானும் விமலேஸ்வரி ரீச்சரும் முன்னோடிப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள், தண்ணீரூற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கட்டு அன்றுதான் வந்தது. பதினொரு தாள்.

அங்கே தாவரவியல் படிப்பிப்பவர் என் அண்ணன் கிறிஸ்தோப்பர். அவருடைய கடிதம் நின்று ஒன்றரை வருடம். கட்டைக் கொண்டுவந்த தேவாலயப் பாதரிடம் கேட்டேன். அது கைமாறி வந்ததாம், அவருக்கு ஒன்றும் தெரியாதாம்.

முதல் தாளில் நாலு வரியும் சரி. அதற்குக் கீழே இப்படி இருந்தது: ‘புரதம் திரும்பி வரும்வரை வெளியில் ஒருவர் பிணை நிற்பார்.’

விமலேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தார்.

“வன்னிப் பிள்ளையெல்லோ. வன்னியை விட்டு வெளிக்கிட இயக்கத்திட்டை பாஸ் எடுக்கேக்க, திரும்பி வருமட்டும் ஆளைப் பிணை வைக்கிறமாதிரி எழுதிவைச்சிருக்கு. புள்ளியைக் குறையுங்கோ.”

நானும் சிரித்தேன். புள்ளி போடுவதில் எனக்கு எப்போதும் கை இறுக்கம்.

இரண்டாவது தாளிலும் அதே வரி. மூன்றாவதிலும்.

பார்த்து எழுதிவிட்டார்கள் என்றார் விமலேஸ்வரி. இல்லை, இது அண்ணனின் பகிடி. வகுப்பில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இப்படித்தான் எதையாவது சொல்வார். பிள்ளைகள் அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். ஆள் இருக்கிறார் என்று நினைத்த சந்தோஷத்தில் மூன்று தாளுக்கும் நாலு புள்ளியையும் முழுதாகப் போட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். அதற்கு அடுத்த தாவரவியல் கேள்விகள் ஒன்றுக்கும் ஒரு பிள்ளையும் விடை எழுதவில்லை. தாள் தாளாக வெறுமை.

கடைசித் தாளில் மட்டும் ஒரு பிள்ளை காரணம் எழுதியிருந்தது.

‘இந்தப் பாடம் வரைக்கும்தான் சேர் படிப்பித்தவர். யாருக்கோ பிணை நின்றதற்காக அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மன்னிக்கவும்.’

விமலேஸ்வரி எட்டி வாசித்தார். பாவம், யாருக்குப் பிணை நின்றாரோ என்றார்.

பதினைந்து நாள் பாசில் வவுனியாவுக்கு வந்தவள் நான். வந்து இரண்டு வருடமாகிறது என்பதை அவருக்கு நான் சொன்னதில்லை.