நேர்ந்துவிட்ட கோழி

“மறுபடியும் கோழிங்க கொத்திடுச்சுங்களா? இன்னாடி இது பேஜாரு! அமாவாசைக்குள்ள தேறுமா, தேறாதா?”

வெள்ளையம்மாள் கோழிப்பட்டிக்கு வெளியே குனிந்து நின்று கேட்டாள். மருமகள் அருணாவின் மடியில் கருங்கோழி கண்ணை மூடிக் கிடந்தது. பின்கழுத்தில் இறகு உதிர்ந்த இடத்தில், ஆறிப்போயிருந்த புண் மறுபடி வாய் திறந்திருந்தது.

“தேறிடும் அத்த. மேல்புண்ணுதான்.”

“இதையேதான் போன அமாவாசைக்கும் சொன்ன.”

அருணா வெந்நீரில் துணியை நனைத்துப் புண்ணை ஒற்றினாள். கோழி உதறியது. “பொறுத்துக்கடி” என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அத அப்புறம் கொஞ்சுவ. மொதல்ல உன் நெத்தியத் தொடச்சுக்க. காலங்காத்தால குங்குமத்த ஈஷிக்கினு நிக்கிறா. புள்ளதான் பெத்துக்கத் தெரியலன்னா, பொட்டு கூடவா வெக்கத் தெரியாது?”

அருணா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் தெருநாய் கவ்வியதால் வந்த காயம் அது. அருணாதான் இழுத்துப் பிடுங்கிக் காப்பாற்றினாள். புண் ஆறியது. ஆனால் கூட்டத்தில் விட்டால் மற்ற கோழிகள் துரத்தித் துரத்தி அதே இடத்தில் கொத்தின. கூடைக்குள் தனியாகக் கவிழ்த்து வைத்தால் இரை எடுக்காமல் இளைத்தது. கேப்பையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“செவப்பு கண்ணுல பட்டா கோழிங்க உடுமா? கொத்தத்தான் செய்யும்” என்றாள் வெள்ளையம்மாள். “வேப்பெண்ணெயில மஞ்சளக் கொழச்சு, புண்ணே தெரியாத மாதிரி பூசு. கூடையோட பட்டிக்குள்ள வெச்சுடு. ஒண்ண ஒண்ணு பார்த்துக்கினு கெடந்தா தானா சேர்த்துக்கும். புதுசா வர்றதுக்குக் கொஞ்ச நாள் குடுக்கணும் இல்ல?”

அருணா நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். பிறகு வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

மல்லாட்டைக் கடலை புடைக்க முறம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கலைப்பிரியா எட்டிப் பார்த்தாள். “இம்மாங் கோழி மேயுது. வேற ஒண்ணப் புடிச்சிக்கினு போவக் கூடாதா பெரிம்மா?”

“வாயக் கழுவுடி. மலையனூர் அங்காளம்மனுக்குன்னு மஞ்சத்துணி கட்டி நேர்ந்து உட்டது. மாத்துனா குடும்பம் வெளங்குமா? காயம் பட்டதையும் குடுக்கக் கூடாது. இத செலுத்திட்டுத்தான் கண்டமங்கலத்துக்குத் தட்டு எடுத்துக்கினு போவணும்.”

உள்ளே போன் அடித்தது. வெள்ளையம்மாள் ஓடினாள்.

கலைப்பிரியா அருணாவின் பக்கத்தில் குந்தினாள். “உனக்கு ரோசமே இல்லியாக்கா? உன் புருசனுக்கு வேற பொண்ணு கட்றதுக்கு நேர்ந்த கோழி. அத நீயே மடியில போட்டு மருந்து தடவுற!”

“கோழி இன்னா பண்ணும், பாவம்?”

“ரஞ்சித் அண்ணன் இன்னா சொல்லுது?”

“அம்மா பேச்ச மீற மாட்டாராம்.”

“திண்டிவனத்துல டாக்டரு ரெண்டு பேருமே டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னாங்களே?”

“எனக்கு எடுத்தாங்க. ஒண்ணும் கொறையில்ல. அவருக்குன்னு சொன்னதும் கம்பெனி பஸ்ஸுக்கு லேட்டாவுதுன்னு எழுந்து போயிட்டாரு.”

“பேசாம அம்மா வூட்டுக்குப் போயிடுக்கா.”

“அம்மாவே அங்க தம்பி பொண்டாட்டி போடற சோத்துக்குக் காத்துக்கினு கெடக்குது.”

வேப்பெண்ணெயின் கசப்பு வாசம் கொல்லை முழுக்கப் பரவியிருந்தது.

வெள்ளையம்மாள் போனோடு திரும்பி வந்தாள். “பொண்ணு வூட்லதான் பேசுனாங்க. இந்த அமாவாசையும் தள்ளிப்போனா வேற எடம் பார்த்துப்பாங்களாம். கோழியத் தேத்துறது உன் பொறுப்பு, சொல்லிட்டேன். நான் ஒண்ணும் உன்ன வூட்ட உட்டுப் போவச் சொல்லல. அவ வந்தப்புறமும் மாட்டப் பார்த்துக்கினு, கோழியப் பார்த்துக்கினு ஒரு ஓரமா கெட. யாரு வேணாம்னா?”

“சரிங்க அத்த.”

“பாரு, இதுதாண்டி கொணம்!” என்றாள் கலைப்பிரியாவிடம். கலைப்பிரியா முறத்தை எடுத்துக்கொண்டு வெடுக்கென்று எழுந்து போனாள்.

அமாவாசை நெருங்கியபோது கருங்கோழி தேறிவிட்டது. கூடைக்குள்ளிருந்தே கழுத்தை நீட்டிக் கொக்கரித்தது. வெள்ளையம்மாள் அதைத் தூக்கி, இறகை விலக்கிப் பார்த்தாள். புண் இருந்த சுவடே இல்லை.

“பரவால்ல, உன் கையில ஏதோ இருக்குதுடி. கூடையிலயே கெடந்து சோம்பிப் போச்சு. இன்னிக்குக் கூட்டத்துல உடு, நாலு எட்டு ஓடட்டும். அம்மன் முன்னாடி நிமிர்ந்து நிக்கணும் இல்ல? ஜல்தி உட்டுட்டு வா, ரஞ்சித்துக்கு சோறு கட்டணும்.”

அவள் உள்ளே போனதும் அருணா கோழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்கழுத்தில் புது இறகுகள் குருத்து விட்டிருந்தன. அதன் காலில் கட்டிய மஞ்சள் துணி அழுக்கேறிக் கறுத்திருந்தது. பட்டிக்குள் மற்ற கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன.

நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோழி அவள் கையில் கதகதப்பாக, நம்பிக்கையோடு அடங்கியிருந்தது.

“பொறுத்துக்கடி” என்றாள்.

பிறகு நெற்றிக் குங்குமத்தை விரலால் வழித்து, ஆறிய இடத்தில் சிவக்கச் சிவக்கத் தேய்த்து, அதைக் கூட்டத்துக்குள் விட்டுப் படலைச் சாத்தினாள்.