கேட்பதற்கு ஏதுமற்றவள்

புயல் ஓய்ந்தும் படகுகள் திரும்பவில்லை. துறைமுகத்து வயர்லெஸ் அறையைப் பெண்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க ஆளுவ பேசினாங்களா?" என்று ஒவ்வொருத்தியும் திரும்பத் திரும்பக் கேட்க, பதில் சொல்லியே ஓய்ந்துபோன ஆபரேட்டர் மரியதாசனுக்குக் கடலிலிருந்து வரும் குரல் எதுவும் காதில் விழவில்லை. கரையொதுங்கிய கணவனை முந்தின நாள்தான் அடக்கம் செய்திருந்த ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தெருவுக்கு ஒருத்தி கேட்டாப் போதும். அவ சொல்லுறத மத்தவளுவ மனசுல வச்சுக்கிடணும். பொழுது சாஞ்சா அந்தப் பதில் செல்லாது. அப்பப் புதுசா வந்து கேக்கலாம்."

"நீ சொல்லுவ. உனக்கு இனிக் கேக்க என்ன இருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பம்.

"ஒண்ணுமில்லக்கா. அதனாலதான் நம்ம தெருவுக்கு நான் நிக்கேன்."

முணுமுணுத்தபடியே கூட்டம் கலைந்தது. தெருவுக்கு ஒருத்தியாகச் சிலர் மட்டும் கதவோரம் வாயை மூடி நின்றார்கள். அறையில் வயர்லெஸ் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. வெகுநேரம் கழித்து அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து, மெலிதாக, ஓர் ஆண்குரல் தன் படகின் பெயரைச் சொன்னது. மரியதாசன் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள். தன் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப்போய், புஷ்பத்தின் கதவைப் படபடவென்று தட்டினாள்.