முந்திக்கொண்ட சிரிப்பு

"இப்ப வர்றதெல்லாம் ஒரு படமாம்மா? இதப் பாரு, அம்பது வருஷமாகியும் சிரிப்பு வரும்" என்று புது மருமகள் தாமரைச்செல்வியை டிவி முன்னால் உட்கார வைத்தார் குழந்தைவேலு. படம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். நகைச்சுவைக் காட்சி தொடங்கியதுமே, வழக்கம்போல, தொடையைத் தட்டி முன்னதாகவே சிரித்துவிட்டார். பிறகுதான் வசனம் வந்தது. பெண் பார்க்க வந்தவன், "கொஞ்சம் விளக்கைப் போடுங்க, பொண்ணு எங்க நிக்குதுன்னே தெரியல" என்றான்.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மருமகளின் கறுத்த விரல்கள் அப்படியே நின்றன.

சிரிக்கத் திறந்த வாயை எப்படி மூடுவதென்று குழந்தைவேலுவுக்குத் தெரியவில்லை. அவசரமாக ரிமோட்டைத் தேடினார். அது அவள் பக்கத்தில் கிடந்தது. அவளே எடுத்து நீட்டினாள்.

"சவுண்டு கூட்டணுமா, மாமா?"